வெள்ளிக்கிழமைக் காலிப்பெட்டி

மதுரை
17.6.2001

என் அன்பு ஏழாம் நம்பருக்கு,

எட்டாம் நம்பர் எழுதுறேன். மாதா புண்ணியத்துல இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்க சேலத்துல வெயில் குறைஞ்சிருச்சா? டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை விட்டு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. இன்னும் நீ உட்கார்ந்த மெஷின், நான் உட்கார்ந்த மெஷின்னு நம்பரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கிறோம். நம்ம ரெண்டு பேருக்கும் எப்பத்தான் வயசாகப் போகுதோ.

முதல்ல உன் மக விஷயம். காவ்யஸ்ரீ பிளஸ் டூ வந்துட்டா, இந்த வருஷம் என் கிளாஸ்தான். மகால் பக்கத்துல மாமன் வீட்டுச் சாப்பாடு நல்லா ஒத்துக்குது போல, கன்னம் வச்சிருக்கு. நோட்டுப் பின்பக்கமெல்லாம் சேலை பார்டரா வரைஞ்சு வச்சிருக்கா. திட்டலாம்னு வாங்கினேன், பார்த்ததும் திட்ட மனசு வரலை.

இப்ப என் கதையைக் கேளு. பழைய மாணவிகள் சேர்ந்து ஸ்கூலுக்கு ஆறு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்திருக்காங்க. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஈமெயில் சொல்லிக் குடுக்கணுமாம். யார் எடுக்கிறீங்கன்னு எங்க ஹெச்.எம். சிஸ்டர் தெரசா மீட்டிங்ல கேட்டாங்க. எல்லாரும் ஜன்னல் பக்கம் பார்த்தாங்க. "டயானாவுக்கு டைப்பிங் தெரியும் சிஸ்டர்"னு ஒரு புண்ணியவதி வாயைத் திறந்துட்டா. அம்புட்டுத்தான், என் தலையில கட்டிட்டாங்க. ஆரப்பாளையத்துல ஒரு லாட்ஜுக்கு மேல்மாடியில பத்து நாள் டிரெயினிங். சொல்லிக்குடுத்த சாருக்கு என் பெரியவனை விட ரெண்டு வயசு கூட இருக்கும். என்னை "ஆன்ட்டி"ன்னான். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

நாற்பது பிள்ளைகளுக்கும் நாற்பது ஈமெயில் திறந்து குடுத்தாச்சு. மறுநாளே முப்பது பேர் பாஸ்வேர்டை மறந்துட்டாளுக. ஒரு நோட்டுப் போட்டு அத்தனை பாஸ்வேர்டையும் எழுதி என் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். ஆனா ஹம்சா, சும்மா சொல்லக் கூடாது, அருமையான சாமான்டி இது. தபால் மாதிரி மழையில நனையாது, பக்கத்து வீட்டுக்குப் போகாது, தொலையவே தொலையாது.

அண்ணனைக் கேட்டதாச் சொல்லு.

உன்
எட்டாம் நம்பர்


சேலம்
2.7.2001

அன்பு எட்டுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆன்ட்டின்னு சொன்னவன் வாய்க்குச் சர்க்கரை போடணும்.

போன்ல பேசிக்கலாமே, எதுக்கு இன்னும் இன்லேண்டு லெட்டர்னு இவர் கேட்கிறார். போன் இருக்கிறது நூல் கடையில. நான் பேசினா கடைப்பையன், வாடிக்கைக்காரர், இவர்னு நாலு பேர் காதைத் தீட்டிக்கிட்டு நிற்பாங்க. எனக்கு உன் கடிதம்தான் சரி. முதல் கடிதத்துல இருந்து எல்லாத்தையும் கம்பியில குத்தி வச்சிருக்கேன். ஒரு கம்பி நிறைஞ்சு ரெண்டாவது போகுது.

காவ்யாவைப் பத்தி உன்கிட்ட மட்டும் சொல்றேன். சென்னையில துணி டிசைன் படிக்கிற காலேஜ் ஒண்ணு இருக்காம். அங்கேதான் சேருவேன்னு நிற்கிறா. இவருக்கு அவங்க அக்கா பையன் ராஜேஷ்குமாருக்குப் பேசி முடிக்கணும்னு எண்ணம். பையன் நல்லவன், குறை சொல்ல மாட்டேன். ஆனா நான் டைப்பிங் ஹையர் பரீட்சையில ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கின மாசமே எனக்குத் தாலி கட்டினாங்க, உனக்குத் தெரியும். அதுக்கப்புறம் ஒரு மெஷினைத் தொட்டதில்லை. எனக்கு நடந்தது அவளுக்கு நடக்கக் கூடாதுடி. இதை வீட்டுல சத்தமாச் சொல்ல முடியலை, உனக்கு எழுதுறேன்.

அவ மேல ஒரு கண் வச்சுக்க.

உன்
ஏழாம் நம்பர்


மதுரை
9.9.2001

என் அன்பு ஏழாம் நம்பருக்கு,

பதில் போட லேட்டாகிப் போச்சு, கோவிச்சுக்காதே. இந்த ஈமெயில் என் உயிரை எடுக்குது.

எனக்கு ஆளுக்கொரு மெயில் அனுப்புங்கடின்னேன். நாற்பதும் வந்துச்சு. திறந்து பார்த்தா நாற்பதும் லீவ் லெட்டர்! "மதிப்பிற்குரிய மேடம், எனக்குக் காய்ச்சல் காரணமாக"ன்னு இங்கிலீஷ்ல ஆரம்பிச்சு, பணிவுள்ள மாணவின்னு முடியுது. பாவம், அவளுகளுக்குத் தெரிஞ்ச ஒரே இங்கிலீஷ் கடிதம் அதுதான். ஒருத்தி காய்ச்சல்னு எழுதிட்டு, அதே மெயில்ல பொறந்தநாள் வாழ்த்தும் சொல்லியிருக்கா. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு விக்கலே வந்துருச்சு. உன் மக மட்டும், "மிஸ், எனக்குக் காய்ச்சல் இல்லை, ஆனா லீவ் வேணும்"னு எழுதியிருக்கா. வாயைப் பாரு அவளுக்கு!

அடுத்து வந்துச்சு சாமி மெயில். இதைப் பத்துப் பேருக்கு அனுப்பு, அனுப்பலேன்னா வீட்டுல கெட்டது நடக்கும்னு ஒருத்தி ஆரம்பிச்சா. நாற்பது பேரும் ஆளுக்குப் பத்து, அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்து. இந்துப் பிள்ளை, கிறிஸ்தவப் பிள்ளைன்னு ஒரு வித்தியாசமும் இல்லை, பயத்துல எல்லாரும் ஒண்ணு. பெட்டி பூராவும் நிறைஞ்சு போச்சு. இலவசப் பெட்டிதானே, கொஞ்சம்தான் கொள்ளும். நிறைஞ்சா புதுசா எதுவும் உள்ளே வராது. அதுக்குள்ள தெரியாத பேர்ல வந்த ஒரு மெயிலை எவளோ திறந்து, வைரஸ் பூந்து, ஒரு கம்ப்யூட்டர் படுத்திருச்சு. சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு அரை மணி நேரம் வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க.

இப்ப சட்டம் போட்டுட்டேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் பெட்டியைக் கூட்டிப் பெருக்கணும். வந்ததைப் படிச்சியா, பதில் போட்டியா, அழிச்சுடு. யார்னு தெரியாத பேரா, திறக்காமலே அழிச்சுடு. குப்பைக் கூடையையும் காலி பண்ணிடு. காலிப்பெட்டிக்குப் பத்து மார்க். பிள்ளைக எம்புட்டு ஆசையாப் பண்ணுதுக தெரியுமா! "மிஸ், என்னுது சுத்தம்"னு கையைத் தூக்குதுக.

நீ கம்பியில குத்தி வைக்கிற ஆளு, உனக்கு முட்டைதான்.

உன்
எட்டாம் நம்பர்


சேலம்
25.11.2001

அன்பு எட்டுக்கு,

எனக்கு முட்டையே போதும். நீ எழுதினதை அழிக்கச் சொன்னா நான் எங்கே போறது?

ஒரு சேதி. தீபாவளிக்குக் காவ்யா வந்திருந்தப்ப அப்பாவும் மகளும் நேருக்கு நேர் பேசிட்டாங்க. நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். கடைசியில இவர் சொன்னது இதுதான்: "பரீட்சை எழுது. மாசி முடியறதுக்குள்ள அந்தக் காலேஜ்ல இருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டு வந்தா, நானே கொண்டு போய் விடுறேன். வரலேன்னா அக்கா வீட்டுல நிச்சயம் பண்ணிடுவேன், அப்புறம் ஒரு பேச்சுப் பேசக் கூடாது." அவளும் சரின்னுட்டா. இவரை உனக்குத் தெரியுமே. பிடிவாதக்காரர், ஆனா வாயால சொன்னதை மாத்தினது கிடையாது. கடையில ஒரு விலை சொல்லிட்டா நஷ்டமானாலும் அதே விலைதான்.

டிசம்பர் 9 மதுரையிலேயே பரீட்சை. எனக்கு இப்பவே சோறு இறங்கலை. உங்க மாதா கோயில்ல ஒரு மெழுகுவத்தி ஏத்து. நான் இங்கே பெருமாளுக்குத் துளசி சாத்துறேன். யாராவது ஒருத்தர் கேட்கட்டும்.

உன்
ஏழாம் நம்பர்


மதுரை
16.12.2001

என் அன்பு ஏழாம் நம்பருக்கு,

மெழுகுவத்தி ஒண்ணு இல்லை, மூணு ஏத்திட்டேன். உன் மக ஜம்முனு எழுதிட்டு வந்திருக்கா. பக்கத்து சீட்டுல அலங்காநல்லூர் பொண்ணு ஒருத்தியாம், பேரு தங்கப்பொண்ணு. அஞ்சு மணி நேரம் வரைஞ்சதுல ரெண்டு பேரும் சிநேகிதம் ஆகிட்டாளுக.

விண்ணப்பத்துல பதில் தபால்ல வேணுமா, ஈமெயில்ல வேணுமான்னு கேட்டிருந்தாங்களாம். தங்கப்பொண்ணு தபால்னு போட்டிருக்கா. காவ்யா என்கிட்ட வந்து கேட்டப்ப, "ஏன்டி, நாற்பது பேருக்கு நான் ஈமெயில் கத்துக்குடுத்திருக்கேன், நீ போய் தபால்காரரை எதிர்பார்த்து நிற்பியா? ஈமெயில்னே போடு"ன்னு நான்தான் போட வச்சேன். ஸ்கூல்லயே முதல் ஆளா ஈமெயில்ல காலேஜ் சீட்டு வாங்கப் போறவ உன் மகதான், பார்த்துக்க.

அண்ணனுக்கும் உனக்கும் கிறிஸ்துமஸ் கேக் பார்சல் அனுப்புறேன்.

உன்
எட்டாம் நம்பர்


சேலம்
2.2.2002

அன்பு எட்டுக்கு,

கேக் வந்து, தீர்ந்து, டப்பாவுல இப்ப கடுகு இருக்கு.

வர்ற 8-ம் தேதி மாமனாருக்கு வருஷ திவசம். காவ்யாவைப் புதன்கிழமை அனுப்பி வைக்கச் சொல்லி என் தம்பி சாய்குமார்கிட்டச் சொல்லியாச்சு. திங்கக்கிழமைதான் திரும்புவா. இந்த வாரமே சேதி வரலாம்னு அவ தவிக்கிறா. சேலத்துல கடை வச்சு ஈமெயில் பார்க்கிறாங்கதான், ஆனா திவச வீட்டுல இருந்து அவளை வெளியே அனுப்ப மாட்டாங்க. உன்கிட்டத்தான் பாஸ்வேர்டு நோட்டு இருக்கே. அவ பெட்டியை ஒரு பார்வை பார்த்துக்கடி. வந்தா கடைக்கு ஒரு போன் போடு. யார் எடுத்தாலும் பரவாயில்லை, சத்தமாவே சொல்லு.

உன்
ஏழாம் நம்பர்


மதுரை
24.2.2002

அன்பு ஹம்சாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். இன்ஸ்பெக்‌ஷன் 11-ம் தேதி நல்லபடியா முடிஞ்சது. வந்த ஆபீசர் நாற்பது பெட்டியும் காலியா இருந்ததைப் பார்த்துட்டு, மற்ற ஸ்கூல் டீச்சர்களை எல்லாம் இங்கே வந்து பார்க்கச் சொல்லணும்னு சொன்னார். சிஸ்டர் பிரேயர்ல வச்சு எனக்குப் பொன்னாடை போட்டாங்க.

நீ கேட்டிருந்ததுக்கு: தினமும் காவ்யா பெட்டியைப் பார்க்கிறேன். ஒண்ணும் வரலை.

தவக்காலம் தொடங்கியிருக்கு. உடம்பு கொஞ்சம் சரியில்லை. பிறகு எழுதுறேன்.

டயானா


சேலம்
17.3.2002

அன்பு எட்டுக்கு,

உடம்பு எப்படி இருக்கு? உன் கடிதம் நாலு வரியில முடிஞ்சது இதுதான் முதல் தடவை. டாக்டர்கிட்டக் காட்டு. உன் வீட்டுக்காரர் இன்பசேகரன் அண்ணன் கப்பலூர் ஃபேக்டரியே கதின்னு இருப்பார், நீயாப் போனாத்தான் உண்டு.

மாசி முடிஞ்சிருச்சு. இவர் காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுநாள் அக்கா வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு வந்துட்டார். ஏப்ரல் 24 நிச்சயதார்த்தம். பதினெட்டு முடிஞ்சதும் கல்யாணம். அவர் மேல தப்பில்லை. சொன்னதைத்தான் செய்றார்.

அந்த அலங்காநல்லூர் பொண்ணு தங்கப்பொண்ணுக்கு இன்டர்வியூ வந்துருச்சாம். பிப்ரவரி 9-ம் தேதி தபால்காரர் கொண்டு வந்து குடுத்தாராம். 26-ம் தேதி சென்னைக்குப் போய்ட்டும் வந்துட்டா. சாய்குமார் வீட்டுக்குப் போன் பண்ணி, "உனக்கும் கட்டாயம் வந்திருக்கும், பாரு"ன்னு காவ்யாகிட்டச் சொல்லியிருக்கா. காவ்யா என்கிட்ட, "எனக்கு மார்க் பத்தலைம்மா, அவ என்னை விட நல்லா வரைவா"ன்னு சொல்லிட்டு போனை வச்சுட்டா. பரீட்சைக்கு நடுவுல அழக்கூட இல்லை. வரையுற நோட்டு எல்லாத்தையும் பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொல்லிட்டாளாம். என் தம்பி பொண்டாட்டி எடுத்து ஒளிச்சு வச்சிருக்கா.

எனக்கு யார் மேலயும் கோபம் இல்லை. ஆனா நெஞ்சு ஆறலை. யார்கிட்டச் சொல்ல, உன்கிட்டத்தான்.

உன்
ஏழாம் நம்பர்


மதுரை
27.3.2002
பெரிய வாரம், புதன்

ஹம்சாவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். இந்தத் தடவை நேராச் சொல்லிடுறேன்.

காவ்யாவுக்கு இன்டர்வியூ வந்துச்சு. நான்தான் அழிச்சேன்.

பிப்ரவரி 8, வெள்ளிக்கிழமை. திங்கக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். அன்னிக்கு அஞ்சு பிள்ளைக லீவு. அஞ்சு பெட்டி குப்பையா நிற்குமேன்னு, பீரோவைத் திறந்து நோட்டை எடுத்து, நானே ஒவ்வொண்ணாத் திறந்து காலி பண்ணினேன். உன் கடிதம் என் கைப்பையில இருந்துச்சு. காவ்யா பெட்டியைப் பார்க்கணும்னு ஞாபகமும் இருந்துச்சு. ஆனா அந்தக் காலேஜ் பேரைத் தேடினேனே தவிர, பேரு சுருக்கி நாலு இங்கிலீஷ் எழுத்தா வரும்னு எனக்குத் தோணலை. சாமி மெயில் முப்பதுக்கு நடுவுல அந்த நாலெழுத்து இருந்துச்சு. யாருன்னு தெரியாத பேரு. திறக்கலை. நான் போட்ட சட்டம்தானே. எல்லாத்தையும் சேர்த்து அழிச்சேன், கூடையையும் காலி பண்ணினேன்.

பஸ்ல வீட்டுக்குப் போறப்ப அந்த நாலெழுத்து கண்ணுக்குள்ளேயே நின்னுச்சு. காவ்யா விண்ணப்பத்து மேல அதே நாலெழுத்தைப் பார்த்தது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. திங்கக்கிழமை ஏழு மணிக்கே போய்த் தேடினேன். எங்கே இருக்கும்? சுத்தமா இருந்துச்சு. பத்து மணிக்கு ஆபீசர் வந்தார். காலிப்பெட்டியைக் காட்டி என்னைப் புகழ்ந்தார். நான் சிரிச்சுக்கிட்டு நின்னேன். சிரிச்சேன் ஹம்சா.

அன்னிக்கே உனக்குப் போன் போட்டிருக்கலாம். காலேஜுக்குப் போன் போட்டிருக்கலாம். இன்டர்வியூ 26-ம் தேதிதான்னு இப்பத்தான் தெரியுது. பதினஞ்சு நாள் இருந்திருக்கு. தபால்லயும் ஒண்ணு அனுப்புவாங்க, வந்துரும் வந்துரும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொன்னாடை போட்ட வாரத்துல போய், நான் இப்படிப் பண்ணிட்டேன்னு சொல்ல வாய் வரலை. அப்புறம் உனக்கு "ஒண்ணும் வரலை"ன்னு எழுதினேன். அது பச்சைப் பொய். அப்புறம் பரீட்சை முடியட்டும்னு ஒரு சாக்கு.

போன வாரம் பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்டச் சொன்னேன். "என்கிட்ட எதுக்கும்மா சொல்ற? பிள்ளைகிட்டப் போய்ச் சொல்லு"ன்னார். 25-ம் தேதி கடைசிப் பரீட்சை முடிஞ்சு வெளியே வந்த காவ்யாவைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். கேட்டுக்கிட்டே நின்னா. "அப்ப நான் பாஸா மிஸ்?"னு ஒண்ணே ஒண்ணு கேட்டா. ஆமாம்மான்னேன். அப்பத்தான் அழுதா. நானும் அழுதேன். வாட்ச்மேன் சோலை தண்ணி கொண்டாந்து குடுத்தார்.

சிஸ்டர்கிட்டயும் சொல்லிட்டேன். கிளாஸை என்கிட்ட இருந்து எடுத்துட்டாங்க, அது நியாயம்தான். நோட்டை அவங்க முன்னாலேயே கிழிச்சுப் போட்டேன். போன வாரமே காலேஜுக்கு எழுதிக் கேட்டிருந்தேன், பதில் நேத்துத் தபால்ல வந்துச்சு. இதோட வச்சிருக்கேன். பிப்ரவரி 7-ம் தேதி காவ்யாவுக்கு அழைப்பு அனுப்பினோம், அவ வராததால இடம் வேற ஒருத்தருக்குப் போயிருச்சு, அடுத்த வருஷம் மறுபடி எழுதலாம்னு சீல் வச்சுக் குடுத்திருக்காங்க.

அண்ணன்கிட்ட இதைக் காட்டு. நான் எழுதினதையும் காட்டு. ஒரு வரியையும் மறைக்காதே. அவர் கேட்டா நேர்ல வந்து சொல்லவும் வாரேன்.

மன்னிச்சுடுன்னு எழுதக் கை வரலை.

டயானா


சேலம்
11.4.2002

டயானாவுக்கு,

உன் கடிதமும் காலேஜ் கடிதமும் 30-ம் தேதி கிடைத்தன. ரெண்டு நாள் நான் மட்டும் வச்சிருந்தேன். அப்புறம் கடையைச் சாத்தின பிறகு இவருக்கு முழுசாப் படிச்சுக் காட்டினேன். ஒரு வரியையும் மறைக்கலை.

இவர் காலேஜ் கடிதத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சார். "பிப்ரவரி ஏழா?"ன்னு கேட்டார். ஆமான்னேன். காலண்டரைத் திருப்பிப் பார்த்தார். "தை மாசமே வந்திருக்கு"ன்னார். "மாசி முடியறதுக்குள்ள வந்தா அனுப்புறேன்னு சொன்னேன். வந்திருக்கு. அது கையில கிடைக்காதது பிள்ளை தப்பில்லையே." அம்புட்டுத்தான் பேசினார். மறுநாள் காலையில அக்கா வீட்டுக்குத் தானே போய் நிச்சயத்தை நிறுத்திட்டு வந்தார். அவங்க இப்ப எங்களோட பேசறதில்லை. ராஜேஷ்குமார் மட்டும் வந்து, "அத்தை, காவ்யா படிக்கட்டும்"னு சொல்லிட்டுப் போனான்.

ஒரு வருஷம் மதுரையிலேயே காலேஜ் சேர்ந்துக்கிட்டு, டிசம்பர்ல மறுபடி பரீட்சை எழுதப் போறா. நோட்டெல்லாம் திருப்பி வாங்கிட்டா. புது பாஸ்வேர்டு போட்டிருக்கா, எனக்குக்கூடச் சொல்லலை. பதில் தபால்ல வேணும்னு போடப் போறாளாம். ஈமெயில்லயும் வேணும்னு கேட்கப் போறாளாம். "மிஸ் மேல கோபம் இல்லைம்மா, மிஸ் தானா வந்து சொன்னாங்க"ன்னு சொல்றா. சின்னப் பிள்ளை மனசு.

உன் கடிதம் இல்லேன்னா நிச்சயம் நின்னிருக்காது, அதுக்கு உனக்கு நன்றி எழுதுன்னு இவர் சொல்றார். எழுதிட்டேன்.

நீ அழிச்சதுக்கு எனக்குக் கோபம் இல்லை டயானா. கை தவறும். என் கையிலயும் எவ்வளவோ தவறியிருக்கு. ஆனா 24-ம் தேதி உன் கையாலேயே "ஒண்ணும் வரலை"ன்னு எழுதினியே. அதை நான் கம்பியில குத்தி வச்சிருக்கேன். தினமும் விளக்கேத்தப் போறப்ப அது கண்ணுல படுது. அன்னிக்கு ஒரு போன் போட்டிருந்தா 26-ம் தேதி என் பிள்ளை சென்னையில இருந்திருப்பா. இருபத்திரண்டு வருஷத்துல நீ எழுதினதுல இன்னும் எது எது அப்படின்னு பழைய கடிதமெல்லாம் எடுத்துப் படிக்கிறேன். இப்படிப் படிக்க வேண்டியிருக்கே, அதுதான் தாங்கலை.

கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே. எழுதினா பிரிக்க மாட்டேன். கிழிச்சும் போட மாட்டேன், பிரிக்காம எடுத்து வைப்பேன். என்னிக்குப் பிரிப்பேன்னு இப்ப என்னால சொல்ல முடியலை.

இன்பசேகரன் அண்ணனைக் கேட்டதாச் சொல்லவும்.

நா. ஹம்சவேணி